படுத்தால் உடம்புக்குள் அதிர்கிறது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. யாருக்காவது இப்படி இருக்கிறதா?

களுதாவளைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச மாதமாக ஒரு பிரச்சினை, யாரிடம் கேட்பதென்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். இரவில் படுத்து நித்திரை கண்ணைக் கட்டிக்கொண்டு வரும் நேரம் பார்த்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு அதிர்வு தொடங்கும். போனை வைப்ரேட்டில் போட்டு உள்ளே வைத்துத் தைத்தது மாதிரி. பிறகு அது முதுகுக்கும் தொடைக்கும் இறங்கும். கையை நீட்டிப் பார்த்தால் கை நடுங்கவில்லை. மனைவியை நெஞ்சில் கைவைத்துப் பார்க்கச் சொன்னேன், "ஒன்றுமில்லையே, பேசாமல் படுங்கோ" என்கிறா. சில நாள் விடியப்புறம் மூன்று மணிபோல விழிப்பு வரும்போதும் இதே கதைதான். எழும்பி முற்றத்தில் நடந்தால் குறையும், சில நேரம் அதற்கும் குறையாது.

வயது நாற்பத்தாறு, வெற்றிலைத் தோட்டம் செய்கிறேன். பகலில் வேலை செய்யும்போது ஒன்றுமே தெரிவதில்லை. சீனி வருத்தம் இல்லை, பிரசர் இல்லை, சின்ன வயதிலிருந்து முட்டு வருத்தம் (ஆஸ்துமா) மட்டும் உண்டு. அம்மா இது கண்ணூறு என்று நூல் கட்டுவித்தார். நூலும் கையில் இருக்கிறது, அதிர்வும் இருக்கிறது. கூகிளில் தேடினால் பார்க்கின்சன் என்று வருகிறது. பெரியப்பாவுக்கு அந்த வருத்தம் இருந்தது, அதனால் பயமாகத்தான் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலமீன்மடு பொடியன்:

அண்ணன், முதலில் பிரிஜ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், பகிடி இல்லை. எங்கள் வீட்டில் கட்டில் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பிரிஜ். கம்பிரசர் ஓடும் நேரமெல்லாம் கட்டில் பலகை வழியாக உடம்புக்குள் ஒரு உறுமல் வரும், ஊர் அடங்கிய பிறகுதான் அது தெரியும். சீலிங் பேன் சமன் இல்லாமல் சுற்றினாலும் கட்டில் வாங்கும். பக்கத்தில் ஐஸ் தொழிற்சாலை, அரிசி ஆலை, இரவில் ஓடும் தண்ணீர் பம்ப் ஏதும் இருந்தாலும் அப்படித்தான். இரண்டு இரவு வேறு வீட்டில் நிலத்தில் பாய் போட்டுப் படுத்துப் பாருங்கள். அங்கேயும் வந்தால் சாமான் உங்கள் உடம்புக்குள்தான்.

பூமி அதிர்ச்சியா என்று யாரும் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். 2023 பெப்ரவரியில் புத்தல, வெல்லவாய பக்கம் சின்ன அதிர்வு வந்தது உண்மைதான், ஆனால் பூமி ஒவ்வொரு நாளும் உங்கள் கட்டிலுக்கு மட்டும் நேரம் பார்த்து வராது.

ஓய்வுபெற்ற மிஸ்:

தம்பி, நான் வார்டில் தாதியாகக் கன காலம் வேலை செய்தவள். டொக்டர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பார்க்கின்சன் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். அந்த வருத்தக்காரர் பலர் உள்நடுக்கம் இருக்கிறதென்று சொல்வது உண்மைதான். ஆனால் அவர்களிடம் வேறு சாமான்களும் இருக்கும். ஒரு பக்கக் கை சும்மா மடியில் கிடக்கும்போது நடுங்கும், நடை சின்னதாகும், எழுத்து பொடியாகும், சட்டைத் தெறி பூட்டக் கை மந்தமாகும், மணம் தெரியாமல் போகும். இவை ஒன்றுமில்லாமல் இரவில் படுத்தால் மட்டும் உள்ளுக்குள் அதிர்வதை வைத்து ஒருவரும் அந்தப் பெயரை எழுதமாட்டார்கள். 2020க்குப் பிறகு கொவிட் வந்து போன சிலரும் இதே உள்ளதிர்வைச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு அப்படி வந்து நீண்ட காலம் களைப்பு இருந்ததா?

எனக்கு வேண்டியது உங்கள் குளிசைக் கணக்கு. முட்டுக்கு என்ன போடுகிறீர்கள், எத்தனை மணிக்கு, எத்தனை வருடமாக? பார்மசியில் நீங்களாக வாங்கிப் போடும் தடிமன் குளிசை, வயிற்றெரிவுக் குளிசை, ஆயுள்வேத லேகியம் எல்லாம் எழுதுங்கள். பிளேன்டீ, கோப்பி, வெற்றிலை, சிகரெட், சாராயம் உட்பட. வெட்கப்பட வேண்டாம், இங்கே ஒருவருக்கும் உங்கள் முகம் தெரியாது.

களுதாவளைக்காரன்:

மிஸ், நன்றி. கொவிட் 2021இல் வந்தது, ஒரு கிழமையில் சரி. முட்டுக்கு சல்பியூட்டமோல் குளிசை காலையும் இரவும், தியோபிலின் இரவில் ஒன்று. கிளினிக் கொப்பியில் பல வருடமாக அதுதான் இருக்கிறது, திகதியை மட்டும் மாற்றி எழுதித் தருகிறார்கள். வாயால் இழுக்கிற பம்ப் (இன்ஹேலர்) தந்தார்கள், அது இருமல் வருகிறதென்று அலுமாரியில் கிடக்கிறது. பிளேன்டீ நாலைந்து, இரவு சோற்றுக்குப் பிறகு ஒன்று கட்டாயம். வெற்றிலை போடுவேன், தோட்டக்காரன் வெற்றிலை போடாமல் இருப்பானா. சாராயம் இல்லை. சிகரெட் நிறைய இழுத்தவன், இந்தச் சித்திரை வருடப்பிறப்போடு விட்டேன். இடையில் சிறுநீரில் கிருமி என்று சிப்ரோபுளொக்சசின் ஒரு கிழமை போட்டேன், யோசித்துப் பார்த்தால் அந்தக் கிழமைதான் அதிர்வு படுமோசம்.

ஓய்வுபெற்ற மிஸ்:

சரி, இப்போது கதை வெளிக்கிறது. சிகரெட்டை விட்ட பிறகா இது தொடங்கியது என்று நாட்களை நினைத்துப் பாருங்கள்.

சிகரெட் புகை ஈரலில் ஒரு நொதியத்தை முடுக்கிவிடும். தியோபிலினை உடைத்து வெளியேற்றுவது அதே நொதியம்தான். இழுக்கிற ஆளுக்கு மருந்து வேகமாகக் கழியும், அதனால் அவருக்குக் கூடிய அளவு தேவைப்படும். அந்த ஆள் சிகரெட்டை விட்டதும் நொதியம் சில நாட்களில் பழைய நிலைக்கு இறங்கும். குளிசை அதே அளவு, ஆனால் இரத்தத்தில் நிற்கிற அளவு கூடும். சிப்ரோபுளொக்சசின் அந்த நொதியத்தைத் தடுக்கிற மருந்து, எரித்ரோமைசினும் தியோபிலினைக் கூட்டிவிடும். அந்தக் கிழமை மோசமானதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இன்னொன்று, தேயிலையில் உள்ள கபீனும் தியோபிலினும் ஒரே குடும்பம், இரண்டையும் கழிப்பது பெரும்பாலும் அதே நொதியம். ஆகவே சிகரெட் இழுத்த காலத்தில் நித்திரையைக் கெடுக்காத இரவுப் பிளேன்டீ இப்போது கெடுக்கும். சாதாரண ஆளுக்கே குடித்த கபீனில் பாதி இறங்க ஐந்து மணித்தியாலம்போல வேண்டும்.

சல்பியூட்டமோல் தசையில் நேரடியாக வேலை செய்து நடுக்கம் தரும், பொட்டாசியத்தையும் கொஞ்சம் இறக்கும். பம்ப்பில் இழுத்தால் மைக்ரோகிராம் கணக்கில் நெஞ்சுக்குப் போகிறது, குளிசையில் மில்லிகிராம் கணக்கில் முழு உடம்புக்கும் போகிறது. வெற்றிலையோடு போடும் பாக்கில் உள்ள அரிகொலின் படபடப்பும் வியர்வையும் தரும், முட்டுக்காரருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கவும் கூடும். வெற்றிலைத் தோட்டக்காரரிடம் இதைச் சொல்வது கஷ்டமான வேலைதான்.

இரண்டு விஷயம் கவனமாகக் கேளுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம், இரவில் முட்டு பிடித்தால் அது அதிர்வைவிடப் பெரிய கரைச்சல். சிகரெட்டுக்கும் திரும்ப வேண்டாம், குறைக்க வேண்டியது மருந்தின் அளவு. கிளினிக் திகதி வரை காத்திராமல் கொப்பியோடு போய், சிகரெட் விட்ட கதையை நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள், அவர்களாகக் கேட்கமாட்டார்கள். வாந்தி வந்தாலோ, நெஞ்சு தாறுமாறாக அடித்தாலோ அன்றைக்கே போக வேண்டும். தியோபிலின் கூடினால் வலிப்பு வரை போகிற மருந்து. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வீட்டுக்கே வரும்.

மருதமுனை நானா:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு சீனி இல்லை என்கிறார், ஆனால் வாசிக்கிற ஆட்களில் பாதிப்பேருக்கு இருக்கும், அதனால் எழுதுகிறேன். எங்கள் உம்மாவும் இதே மாதிரி, விடியப்புறம் உள்ளுக்குள் பதறுது, உடம்பு குலுங்குது என்று எழும்பி உட்காருவா. வேர்த்து தலையணை நனைந்திருக்கும். நாங்கள் பயத்தில் ஓதிப் பார்த்தோம், தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். கடைசியில் மருமகள்தான் அந்த நேரத்திலேயே விரலில் குத்திப் பார்த்தா, சீனி 58. அவ போடுவது கிளிபென்கிளமைட் என்ற சீனிக் குளிசை, இரவில் பசி இல்லை என்று சோற்றை ஒதுக்கிவிட்டுக் குளிசையை மட்டும் போட்டிருக்கிறா.

70க்குக் கீழே இறங்கினால் அது லோ. மெட்போர்மின் தனியாகப் போடுகிறவருக்கு இது அபூர்வம், கிளிபென்கிளமைட், கிளிக்லசைட், இன்சுலின் போடுகிறவர்களுக்குத்தான் கூடுதலாக வரும். நோன்பு மாதத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும், குளிசை நேரத்தை றமழான் வருவதற்கு முன்பே டொக்டரிடம் மாற்றி எழுதி எடுக்க வேண்டும். பிரசருக்கு அட்டினோலோல், புறொப்ரனலோல் போடுகிற ஆட்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. அந்த மருந்து நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வேர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். உம்மாவின் குளிசையை டொக்டர் மாற்றித் தந்தார், அல்ஹம்துலில்லாஹ் இப்போது நிம்மதியாக உறங்குகிறா.

செங்கலடி வாத்தியார்:

மிஸ் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் களுதாவளை நண்பர் சொல்கிற இரண்டு நேரங்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம் என்று நினைக்கிறேன். நித்திரை வரும் வாசலில் வருவது ஒன்று, மூன்று மணிக்கு விழிக்கும்போது வருவது இன்னொன்று.

வாசலில் உடம்பு செய்கிற கூத்துகள் பல. திடீரென்று பள்ளத்தில் விழுவது மாதிரித் தூக்கிப் போடுவது பத்துப் பேரில் ஆறேழு பேருக்காவது வாழ்க்கையில் வரும், வருத்தமே இல்லை. தலைக்குள் வெடி வெடித்த மாதிரிச் சத்தம் கேட்டு எழும்புகிறவர்களும் உண்டு, வலி இருக்காது, ஆபத்தும் இல்லை. விழிப்பின்போது வருவதில் எனக்கு முதலில் தோன்றுவது, நாங்கள் பேய் அமுக்குது என்று சொல்வோமே, அது. கனவு காணும் நித்திரையில் மூளை கைகால் தசைகளைப் பூட்டி வைக்கும், இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் கட்டிலிலிருந்து ஓடுவான். சில நேரம் ஆள் விழித்துவிடுவான், பூட்டுத் திறந்திருக்காது. அந்த இடைவெளியில் உடம்பெல்லாம் கரண்ட் ஓடுவது மாதிரி அதிர்வு, காதில் இரைச்சல், அறையில் யாரோ நிற்கிற எண்ணம், நெஞ்சில் பாரம். நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் ஒரு தடவையாவது அனுபவித்திருப்பார்கள். எனக்குப் பல்கலைக்கழகக் காலத்தில் பரீட்சை நேரமெல்லாம் வந்தது, அநேகமாக மல்லாந்து படுத்த நாட்களில். நித்திரை குறைந்தாலும் நேரம் தப்பிப் படுத்தாலும் கூடும். உங்களுக்கு அந்த மூன்று மணி விழிப்பில் கைகாலை அசைக்க முடிகிறதா? முடிந்தால் இது இல்லை.

இன்னொரு சின்னச் சோதனை. அதிர்வு வரும்போது மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதிர்வும் நாடியும் ஒரே தாளத்தில் போனால் நீங்கள் உணர்வது உங்கள் இதயத்தைத்தான். ஒவ்வொரு துடிப்புக்கும் இரத்தம் வெளியே தள்ளப்படும்போது முழு உடம்பும் நூலிழை அசையும், அதை அளக்கக்கூட ஒரு முறை உண்டு. இடது பக்கம் சரிந்து படுத்தால் கூடுதலாகத் தெரியும். தாளமில்லாமல் ஒரே இரைச்சலாக ஓடினால் வேறு.

உகந்தமலை யாத்திரிகன்:

எல்லாருக்கும் சொல்கிறேன், இதெல்லாம் மக்னீசியம் குறைபாடு. யூடியூப்பில் ஒரு டொக்டர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். பார்மசியில் குளிசை கிடைக்கிறது, இரவில் இரண்டு போடுங்கள், ஒரு கிழமையில் போய்விடும். எனக்குப் போனது.

ஓய்வுபெற்ற மிஸ்:

உங்களுக்குப் போனது சந்தோஷம். மக்னீசியம் இறங்கினால் தசை துடிக்கும் என்பதும் சரிதான், வயிற்றெரிவுக்கு ஒமெப்ரசோல் வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கும் சிறுநீரைக் கூட்டுகிற தண்ணீர்க் குளிசை போடுகிறவர்களுக்கும் இறங்கக் கூடும். ஆனால் "எல்லாருக்கும்" என்று எழுதாதீர்கள். மக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். எங்கள் அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டிய பக்கம் வயல் செய்கிற ஆட்களுக்குச் சிறுநீரக வருத்தம் எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும், பலருக்கு முற்றும் வரை அறிகுறியே இராது. அப்படியான ஒருவர் உங்கள் பேச்சைக் கேட்டு இரவில் இரண்டு விழுங்கினால் அது உடம்பில் தங்கிவிடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியட்டினின் சோதனை பார்த்த பிறகு போடட்டும்.

காரைதீவு அக்கா:

நான் வழக்கமாக வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. எனக்கும் இது வருடக்கணக்காக இருந்தது. இலங்கையில் 2004 சுனாமி ஆகக் கூடுதலான ஆட்களைக் கொண்டுபோனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில்தான், என்ன நடந்தது என்று இங்கே விபரமாக எழுத எனக்கு விருப்பமில்லை. மார்கழி மாதம் கடல் இரையத் தொடங்கினால் படுத்த உடனே உள்ளுக்குள் நடுக்கம் ஏறும், ஒருவருக்கும் தெரியாது. தைரொயிட் பார்த்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள், எல்லாம் சரி. ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஒன்றுமில்லை என்றால் எனக்கு ஏன் நடுங்குது?

பிறகு ஒரு லேடி டொக்டர் இருந்து கேட்டா. பயத்தில் உடம்பு காவல் நிற்பதை நிறுத்தவில்லை, அதிரனலின் குறையவில்லை, படுத்துச் சத்தம் அடங்கும்போதுதான் உங்களுக்கு அது கேட்கிறது என்று சொல்லி மனநலப் பிரிவுக்கு எழுதித் தந்தா. செர்ட்ரலின் என்ற மனநலக் குளிசை தந்தார்கள், கதைக்கவும் ஆள் இருந்தது. ஆறுதலாகத்தான் குறைந்தது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், அந்தக் குளிசையைச் சுகமாகிவிட்டது என்று திடீரென்று விட்டால் தலை சுற்றும், உடம்பெல்லாம் கரண்ட் பாயும், புதிதாக வருத்தம் வந்ததென்று பயப்படுவீர்கள். டொக்டர் சொல்லிக் குறைத்துக் குறைத்துத்தான் விட வேண்டும். நித்திரைக் குளிசை பழகினவர்களுக்கும் அதே எச்சரிக்கை. நேரில் போக வெட்கமென்றால் 1926க்கு அடித்துத் தமிழில் கதைக்கலாம்.

களுதாவளைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. கொப்பியோடு போனேன். சிகரெட் விட்ட கதையைச் சொன்னவுடன் டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார், "இதை யார் உங்களுக்குச் சொன்னது?" என்றார். பேஸ்புக் என்று சொல்லாமல் தெரிந்த மிஸ் ஒருவர் என்றேன். தியோபிலினை நிறுத்தி, சல்பியூட்டமோல் குளிசையையும் வெட்டிவிட்டு, ஒவ்வொரு நாளும் இழுக்கிற ஸ்டெரொயிட் பம்ப் எழுதித் தந்தார். ஸ்பேசர் என்று ஒரு பிளாஸ்டிக் குழாயும் வாங்கச் சொன்னார், அதில் இழுத்தால் இருமல் வரவில்லை. தைரொயிட்டுக்கு டீஎஸ்எச், பொட்டாசியம், இரத்த எண்ணிக்கை பார்க்க எழுதியிருக்கிறார்.

படுக்கும்போது வந்த அதிர்வு முக்கால்வாசி போய்விட்டது. இரவுப் பிளேன்டீயை நான் விட்டேன், வீட்டில் மற்ற ஆட்கள் என் முன்னால் இருந்து குடிக்கிறார்கள். வெற்றிலை பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். மூன்று மணி விழிப்பு இன்னும் கிழமையில் இரண்டு தரம் வருகிறது. வாத்தியார், கைகால் அசைகிறது, நாடியும் பார்த்தேன், தாளம் ஒன்றாகத்தான் போகிறது. மனைவி ஒரு புதுக் கதை சொல்கிறா: நான் குறட்டை விட்டுக்கொண்டு இருந்து இடையில் மூச்சு நின்று, பிறகு ஒரு இழுப்பு இழுத்து எழும்புகிறேனாம்.

செங்கலடி வாத்தியார்:

அதைத்தான் நீங்கள் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். நித்திரையில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்றால் ஒக்சிசன் இறங்கும், மூளை அதிரனலினை அடித்து எழுப்பும், விழிக்கிற நேரம் இதயம் இடிக்கும். நாடியோடு தாளம் சேர்ந்தது அதனால்தான் என்று எனக்குப் படுகிறது. பகலில் தோட்டத்தில் உட்கார்ந்தபடி கண் சொக்குகிறதா, காலையில் தலையிடி இருக்கிறதா? மனைவியிடம் சொல்லி அந்தக் குறட்டையைப் போனில் வீடியோ எடுத்துப் போங்கள், வாயால் சொல்வதைவிட டொக்டருக்கு அது உதவும். அதுவரை மல்லாக்கப் படுக்காமல் சரிந்து படுங்கள்.

ஏறாவூர் தங்கச்சி:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் தாத்தாவுக்கு (மூத்த சகோதரி) இப்போது கர்ப்பம் ஏழு மாதம், மாலையானதும் கெண்டைக்காலுக்குள் ஊருது, அதிருது, காலை ஆட்டாமல் இருக்க முடியாது என்று அழுவா. நடந்தால் நிற்கிறது, படுத்தால் திரும்ப வருகிறது. இதுவும் இதே சாமானா?

ஓய்வுபெற்ற மிஸ்:

இல்லை மகள், இது வேறு. காலை அசைக்கத் தூண்டும், இரவில் கூடும், நடந்தால் குறையும் என்றால் கால் அமைதியின்மை, கர்ப்பிணிகளுக்கு மூன்றாம் பகுதியில் நன்றாக வரும், பிள்ளை பிறந்த பிறகு பெரும்பாலும் போய்விடும். அடுத்த கிளினிக்கில் மிட்வைஃபிடம் சொல்லி ஹீமோகுளோபினோடு பெரிட்டினும் (உடம்பில் உள்ள இரும்புச் சேமிப்பு) பார்க்கக் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் பெரிட்டின் இறங்கியிருக்கலாம், இந்த வருத்தத்துக்கு பெரிட்டின் 75க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுக்கப் பார்ப்பார்கள். தடிமனுக்கோ தோல் அரிப்புக்கோ என்று குளோர்பெனிரமைன் போடுகிறாவா? அது இதைக் கூட்டும். தரும் இரும்புக் குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு போடட்டும், அதையும் கல்சியம் குளிசையையும் ஒன்றாகப் போட வேண்டாம். சோற்றுக்குப் பின் பிளேன்டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள்.